குளிர்பெட்டிக் கதவில் ஒரு பள்ளத்தாக்கு

1

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் மகள் அபியின் கையெழுத்து. மேலே, "ஞாயிறு மதியம் 12, அங்கை. ஒஸ்லோவிலை இரவு 8." அதற்குக் கீழே ஒரு வளைந்த கோடு, கோட்டின் மீது சின்னச் சின்ன எழுத்துகள். கடைசியில், "எட்டுக்கு நான் அடிக்காட்டி ஒன்பது மணி வரைக்கும் பொறுங்கோ. பிறகு இந்த நம்பருக்கு அடியுங்கோ." அந்த நம்பர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொள்கிறவர்களுடையது.

இன்று ஞாயிறு. இப்போது பின்னேரம் ஐந்து மணி. அபி நேற்றுக் காலை தன் சிநேகிதியுடன் அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. இங்கே பல்கலைக்கழகத்தில் மண்ணையும் கல்லையும் படிக்கிறாள். மனைவி மலர் முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, இன்னும் உடுப்பு மாற்றாமல் வரவேற்பறையில் இருக்கிறாள். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடுகிறது. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் இதே மே மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்குள் அபியுடன் போனவன் நான்தான். ஊரில் இருக்கும் சொந்தங்களான நீங்கள் படங்களைப் பார்த்துவிட்டு, "என்ன இது, செவ்வாய்க் கிரகமோ?" என்று கேட்டீர்கள். படத்தில் இல்லாததை இதுவரை நான் எழுதவில்லை.

2

அந்தப் பயணத்துக்கு முதலில் வர இருந்தவள் அபியின் சிநேகிதிதான். பங்குனியில் பனிச்சறுக்குப் போய்க் கணுக்காலை முறித்துக்கொண்டாள். பள்ளத்தாக்கில் ஓரிரவு தங்குவதற்கான அனுமதி நாலு மாதத்துக்கு முன்பே தொலைநகல் அனுப்பி, இரண்டு பேருக்கென்று எடுத்தது. தனியே போக அபிக்கும் மனமில்லை. நானும் விட மாட்டேன்.

"அப்பா, நீங்கள் வாறீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அங்கை ஹோட்டல் ஏதும் இருக்கோ?"

"அப்பா, அங்கை தண்ணியே இல்லை."

நான் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவன். பதினாறு வருடமாக ஒஸ்லோவின் அடியில், இருட்டுக்குள் போய் வருகிறேன். நாங்கள் குடியிருக்கும் எல்லிங்ஸ்ருட்டில் ரயில் நிலையமே மலையைக் குடைந்து செய்தது. கல்லுக்குள் எனக்குப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், எங்கள் சாப்பாட்டு மேசை மேசையாக இருக்கவில்லை. ஒரு பக்கம் நிலப்படம், மறுபக்கம் மலரின் சமையல் தராசு. ஒவ்வொரு பொருளையும் அபி தராசில் வைத்து, கிராமைக் கொப்பியில் குறித்தாள். பல் துலக்கும் பிரஷின் பிடியைப் பாதியாக வெட்டினாள். நோர்வே மலைகளில் நாங்கள் முதுகில் தண்ணீர் காவியதே இல்லை. இடுப்பில் ஒரு மரக் கோப்பை தொங்கும். வழியெல்லாம் ஓடை இருக்கும். குனிந்து அள்ளிக் குடிப்போம். அந்தப் பழக்கத்தில் நான் ஒரு கோப்பையை எடுத்து வைத்தேன்.

"அதாலை எதை அள்ளப் போறீங்கள்? மண்ணையோ?"

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர். நாலு கிலோ. அதைச் சுமக்க மற்றதெல்லாம் குறைய வேண்டும். நான் வைத்த டோர்ச்லைட், இரண்டாவது சப்பாத்து, குடை எல்லாம் வெளியே போயின. இடுப்பில் சுற்றிக் கட்டும் என் சாரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"முந்நூற்றிப் பத்து கிராம், அப்பா!"

"சாரம் இல்லாமல் எனக்கு நித்திரை வராது, பிள்ளை. இருபத்தைஞ்சு வருசம் பனிக்குள்ளையும் சாரத்தோடைதான் படுக்கிறன்."

அவள் கொப்பியில் "சாரம் 310" என்று எழுதி, பக்கத்தில் ஒரு அழுகிற முகம் கீறினாள்.

பிறகு ஒரு வெள்ளிநிறப் பையை எடுத்துக் காட்டினாள். பள்ளத்தாக்குக்குள் மலம் கழித்தால் புதைக்கக் கூடாதாம். அந்த வரட்சியில் அது உக்காதாம். பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டுமாம். நான் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பிள்ளை, உலகத்திலை ஆரும் அமெரிக்காவுக்குப் போய் இதையோ காவிக்கொண்டு வாறவை?"

அபி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அவள் வளர்ந்த பிறகு என்னோடு இருந்து அப்படிச் சிரித்த நாட்கள் குறைவு. பதினைந்து வயதுக்குப் பிறகு அவளுடைய நாட்கள் நோர்வே மொழியில் நடந்தன. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தமிழுக்கு வந்து போவாள். இந்த ஆறு கிழமையும் அவள் மேசையை விட்டு எழும்பவில்லை. அதற்காகவே நான் ஐம்பத்தொரு வயதில், பழுதான முழங்காலோடு ஒத்துக்கொண்டேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

3

இனித்தான் என் பிழை.

கடைசிக் கிழமை அபி ஒரு தாளை என்னிடம் தந்தாள். போகும் வழி, படுக்கும் இடம், வெளியே வரும் நேரம், வராவிட்டால் அழைக்க வேண்டிய நம்பர் எல்லாம் அதில் இருந்தன. இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் மலைக்குப் போகும் விதிகளைப் படிக்கிறார்கள். எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ என்பது அதில் ஒன்று. அவர்களுக்கு அது கை கழுவுவது போல.

"இதை அம்மாட்டைக் குடுத்து விளங்கப்படுத்துங்கோ. நான் சொன்னால் பயப்படுவா. உங்களுக்கு இருக்கிற வேலை இது ஒண்டுதான், அப்பா."

"நான் சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. "பிள்ளையின்ரை படிப்புச் சுற்றுலா முடிய நானும் போய், ரெண்டு பேரும் இடங்கள் பாத்திட்டு வாறம். நல்ல ஹோட்டல். நீச்சல் குளமும் இருக்காம்" என்று மலரிடம் சொன்னேன். எங்கள் மேசைப் பேச்செல்லாம் அவள் வேலையில் இருந்த நேரங்களில்தான்; தராசும் கொப்பியும் விமானத்துக்குப் பொதி நிறுக்க என்று அவள் நினைத்துக்கொண்டாள். அமெரிக்கச் சாப்பாடு எனக்குப் பிடிக்காது என்று பொரிவிளாங்காய் உருட்டித் தந்தாள். பயறும் அரிசியும் வறுத்து இடித்து, சீனிப்பாகில் பிடித்த அந்தக் கல்லுருண்டைகளை அபி தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடையிலை விக்கிறதுகளை விட இது திறம்" என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

ஏன் சொல்லவில்லை? அவள் நித்திரை கொள்ள மாட்டாள் என்பது ஒன்று. நல்ல பயணத்தை முடிவதற்கு முன் வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு படும் என்று வளர்ந்தது இன்னொன்று. ஆனால் உண்மையான காரணம் இரண்டுமில்லை.

எண்பத்தேழில் ஊரில் சண்டைக்குள்ளிருந்து, களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் மூலம் நான் வெளிக்கிட்டபோது அவன் சொன்ன முதல் பாடம், வழியை யாருக்கும் சொல்லாதே. அதற்கு முந்திய வருடங்களில் இரவு எந்த வீட்டில் படுப்பேன் என்று நானே எவருக்கும் சொன்னதில்லை. நோர்வேயில் விசாரணையில் ஒரு அதிகாரி, "எந்த வழியாக வந்தீர்?" என்று நாலு விதமாகக் கேட்டார். நாலு தரமும் சொல்லித் தந்ததையே சொன்னேன். அப்படி உயிர் தப்பியவனிடம், இருபத்தைந்து வருடம் கழித்து, போகும் வழியைப் படம் கீறிக் குளிர்பெட்டியில் ஒட்டு என்றால் கை போகவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதோடு யூட்டாவுக்கும் போனேன்.

அனுமதி கொடுக்கும் இடத்தில் ஒரு பெண்மணி படிவத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் குறித்த நேரத்துக்கு வராவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"மனைவிக்கு" என்றேன். வீட்டு நம்பரை அழகாக எழுதினேன். அபி என் தோளில் தட்டினாள்.

4

அந்தப் பள்ளத்தாக்கை எப்படி எழுதுவது என்று இந்த ஒரு வருடமும் யோசித்துவிட்டேன். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வெறும் சமதரை, பற்றைகள், வெயில். இருபதடி நடந்ததும் தரை முடிகிறது. கீழே ஒரு நாடு கிடக்கிறது.

இறங்க மூன்று மணித்தியாலம். ஒவ்வொரு வளைவுக்கும் கல்லின் நிறம் மாறியது. வெள்ளை, மஞ்சள், பிறகு செங்கல் நிறம், பிறகு பச்சை இறைச்சியின் நிறம். அபி ஒரு இடத்தில் நின்று சுவரில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"இந்தக் கை அகலக் கல்லுப் படிஞ்ச காலத்துக்குள்ளை மனிசற்றை முழுச் சரித்திரமும் அடங்கும், அப்பா. எல்லா ராசாக்களும் சேர்த்து."

நான் அண்ணாந்து பார்த்தேன். அப்படி எத்தனை கை அகலம் மேலே போகிறதென்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். என்னையறியாமல் தொப்பியைக் கழற்றினேன். கோயிலில் கூட எனக்கு அப்படி வந்ததில்லை. பதினாறு வருடம் நான் கல்லுக்குள் போய் வந்தாலும் அது என் முன்விளக்கு படும் அளவுக்கான கல். இங்கே கல்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லை. என் காதுக்குள் இரத்தம் ஓடுவது கேட்டது. ஒரு காகம் மேலே பறந்தபோது அதன் இறகு காற்றைத் தள்ளுவதும் கேட்டது.

பின்னேரம் ஒரு ஒடுங்கிய இடத்துக்கு வந்தோம். ஆற்றுப் படுகை மணலாகக் காய்ந்து கிடந்தது. ஒரு பக்கச் சுவரில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல், திண்ணமான ஒரு கல் விளிம்பு. அதன் உட்சுவரில் சிவப்பில் கை அடையாளங்கள். நிறத்தில் தோய்த்து யாரோ வைத்த கைகள். ஒன்று மிகச் சிறியது, பிள்ளையின் கை. நான் ஏறி என் கையை அதற்கு நேரே கொண்டுபோனேன்.

"தொடாதேங்கோ!"

"தொடேல்லை, பிள்ளை. பாக்கிறன்."

"ஆயிரம் வருசமும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். இவ்வளவு காலமா அழியாமல் இருக்கெண்டால் என்ன விளங்குது? தண்ணி இந்த உயரத்துக்கு வந்ததில்லை. நாளைக்கு வெள்ளம் ஏதும் எண்டால் இஞ்சைதான் ஏற வேணும்."

கல்லுக்குக் கீழே சற்றுத் தள்ளிக் கூடாரம் அடித்தோம். கைகளுக்குப் பக்கத்தில் படுக்க அனுமதியில்லை.

5

விடிய ஏழு மணி. வானத்தில் ஒரு முகில் இல்லை. அபி கூடாரத்தைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் சாரத்தோடு, அந்த வெள்ளிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முகத்தில் காற்று வந்து அடித்தது. குளிர்ந்த, ஈரக் காற்று. பற்றையில் ஒரு இலை அசையவில்லை. காற்று படுகை வழியே மட்டும் வந்தது.

அந்தக் காற்று எனக்குத் தெரியும். ரயில் மேடையில் நிற்கிறவர்களின் தலைமயிர் பறக்கும். அரை நிமிடத்தில் குகைக்குள்ளிருந்து ரயில் வரும். வருகிற ஒன்று தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்று அது.

"அபி, ஏறு!"

"என்ன?"

"கேளாதை! ஏறு! கல்லுக்கு ஏறு!"

அவள் பையை இழுத்துக்கொண்டு ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த நேரம் சத்தம் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. அதைத் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். முழு மரங்களைச் சுமந்துகொண்டு, சிவந்த சேறு, சுவருக்குச் சுவர், வளைவில் திரும்பி வந்தது. எங்கோ, நாங்கள் காணாத தொலைவில், இரவு மழை பெய்திருக்கிறது. நாங்கள் தேநீர் குடித்த இடம் இல்லை. என் பை, அதற்குள் இருந்த தண்ணீர், சப்பாத்து எதுவும் இல்லை. தண்ணீர் எங்கள் கல்லை நோக்கி ஏறிக்கொண்டே வந்தது. நான் அபியைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தேன். அவள் தலைக்கு மேலே அந்தச் சின்னக் கை இருந்தது.

அது நின்றது. எங்களுக்குக் கீழே நின்று, அப்படியே ஓடியது.

வெகு நேரத்துக்குப் பிறகு அபி என் கையைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் எதைக் காப்பாத்தினனீங்கள் எண்டு பாருங்கோ."

வெள்ளிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அழுது அழுது சிரித்தோம்.

தண்ணீர் வற்றவில்லை. வெயில் ஏறியது. அபியின் பையில் குடிக்க இரண்டரை லீற்றர் இருந்தது. கீழே ஓடியதை அள்ளினால் கஞ்சி போல வந்தது. என் சாரத்தின் தலைப்பை எட்டாக மடித்து அதற்குள் ஊற்றினோம். பாதி மண் நின்றது, பாதி வந்தது. அபி கவலைப்படவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்ப அம்மா போனுக்குப் பக்கத்திலை இருப்பா. ஒரு மணித்தியாலம் பாத்திருப்பா, பிறகு அவைக்கு அடிப்பா. பின்னேரத்துக்குள்ளை ஆக்கள் வந்திடுவினம். குடியுங்கோ அப்பா, மிச்சம் பிடிக்கத் தேவையில்லை." போத்தலை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.

"குடியுங்கோ."

"அம்மா அடிக்க மாட்டா, பிள்ளை."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். தன் கையெழுத்தைத் தானே வாசித்தாள். கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தேன். போத்தலின் மூடியைத் திரும்ப இறுக்கினாள். அந்தச் சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

"அம்மா என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறா?"

"ஹோட்டலிலை நிக்கிறம் எண்டு."

"ஏன் அப்பா?"

அந்தக் கல்லில் இருந்து அவளுக்கு எல்லாம் சொன்னேன். ஏஜென்சிக்காரன், நான் ஒளித்த வழி, மாறி மாறிப் படுத்த வீடுகள், விசாரணையில் சொன்ன பொய், எந்த எந்த நாட்டில் எந்த அறையில் எத்தனை பேர். இருபத்திரண்டு வருடமாக என் பிள்ளை அறியாத வழி. வெயில் சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் வரை சொன்னேன். அவள் இடையில் ஒரே ஒரு தரம்தான் பேசினாள். "மற்ற ஆக்கள்? அவை எல்லாரும் வந்து சேர்ந்தவையோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

பிறகு அவள் ஒரு பொரிவிளாங்காயைக் கல்லில் தட்டி உடைத்து, பாதியை என்னிடம் தந்தாள். தண்ணீரை மூடி மூடியாக அளந்து குடித்தோம்.

6

அடுத்த நாள் விடியத் தண்ணீர் வற்றியிருந்தது. முழங்கால் வரை சேற்றில் ஐந்து மணித்தியாலம் நடந்தோம். கூடாரத் துணியைக் கிழித்து என் காலில் அபி சுற்றிக் கட்டியிருந்தாள். மேலே ஏறி, தெருவோரத்துப் பெற்றோல் கடைக்கு முன்னால் சேறு படிந்த சாரத்தோடு நான் டெலிபோனில் காசு போட்டபோது, தொப்பி போட்ட ஒரு கிழவர் தன் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வெள்ளிப் பையை அங்கிருந்த தொட்டியில் ஒழுங்காகப் போட்டேன். விதி விதிதான்.

ஒஸ்லோவில் இரவு எட்டு மணி. மலர் எடுத்தாள்.

"என்னப்பா, ஹோட்டல் எப்பிடி?"

சொன்னேன். முழுவதும், ஒன்றும் விடாமல். டெலிபோனில் இன்னொரு காசு போட்டேன்.

"மலர்? நிக்கிறீரோ?"

"நிக்கிறன்." மெதுவாகத்தான் பேசினாள். "எண்பத்தேழிலை அஞ்சு மாசம், நீங்கள் கடலுக்கையோ, மண்ணுக்கையோ எண்டு தெரியாமல் இருந்தனான். கலியாணம் நிச்சயமான பெட்டை. ஆரிட்டையும் கேக்கவும் ஏலாது. அது பரவாயில்லை. அண்டைக்கு உங்களுக்கே வழி தெரியாது. இந்த முறை எழுதிப் பொக்கற்றுக்கை வைச்சிருந்தனீங்கள்."

அபி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போய்ப் பெற்றோல் கடைச் சுவரோடு இருந்தேன். முன்னால் வெறும் சமதரை, பற்றைகள், வெயில். அதற்குள் அப்படி ஒரு நாடு கிடக்கிறதென்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

7

ஏழு ஐம்பது. இந்த வருடம் அபி தாளை என்னிடம் தரவில்லை, மலரிடமும் தரவில்லை. தானே காந்தம் வைத்துக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். கீறிய கோட்டில் இறங்கும் இடம், படுக்கும் இடம், வெளியே வரும் இடம். நடுவில் ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் குழந்தை எழுத்துத் தமிழில், "அப்பா கதை சொன்ன கல்."

மலர் எழும்பி வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். போன வருடம் இந்த நேரம் அவள் எதுவும் அறியாமல் இதே வீட்டில் சோறு காய்ச்சிக்கொண்டிருந்திருப்பாள். யன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெளிச்சம்.

எட்டு. எட்டு மூன்று. மலர் தாளில் உள்ள நம்பரை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். மிச்சத்தைப் பிறகுதான் எழுதுகிறேன்.

எட்டு ஏழுக்கு மணி அடித்தது. மலர்தான் எடுத்தாள். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. "எங்கை நிக்கிறாய்?" என்றாள். கேட்டாள், கேட்டாள், அவளுடைய தோள் இறங்கியது. பிறகு என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, அந்தக் கல்லு அப்பிடியே கிடக்கு. கையெல்லாம் இருக்கு. சின்னக் கையும் இருக்கு."

"நீங்கள் ரெண்டு பேரும் சுகமோ?"

"ஓம் ஓம். அப்பா, போன வருசத்துச் சேத்துக் கோடு சுவரிலை இன்னும் தெரியுது. நாங்கள் நிண்ட இடத்துக்கும் அதுக்கும் இடையிலை அளந்து பாத்தனான்."

"எவ்வளவு?"

"முப்பத்தொரு சென்ரிமீற்றர்."

ரிசீவரை வைத்தேன். குளிர்பெட்டிக்கு முன்னால் போய், அந்தப் புள்ளிக்குக் கீழே கதவில் என் கையை விரித்து வைத்தேன். ஒரு சாண். அதற்குக் கீழே இன்னும் நாலைந்து விரல். அவ்வளவுதான்.

மலர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா அளக்கிறியள்?"

சொன்னேன்.